940 பில்லியன் செலவாம், பற்றாக்குறையும் குறையுமாம்: இந்தக் கணக்கு யாருக்காவது விளங்குகிறதா?

வாவிக்கரை டீச்சர் (மட்டக்களப்பு)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் உயர்தரப் பிள்ளைகளுக்கு விவாதப் போட்டிக்குத் தந்திருக்கிற தலைப்பு: "சுகாதாரச் சீர்திருத்தத்துக்கு அரசு முன்கூட்டிச் சொல்லும் செலவு நம்பத்தக்கதே." எங்களுக்கு விழுந்தது ஆதரித்துப் பேசுகிற பக்கம். இங்கே உதாரணம் தேடினால் பத்து வருடத்தை முன்னோக்கிப் போட்ட கணக்கு கையில் அகப்படுவது குறைவு. ஒபாமாவின் 2010 சுகாதாரக் காப்புறுதிச் சட்டத்தை எடுப்போம், அங்கே எல்லாக் கணக்கும் வெளியில் கிடக்கிறது என்று நான்தான் சொன்னேன். இப்போது அதுவே தலையிடியாகிவிட்டது.

ஒரு இடத்தில், அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரஸின் வரவு செலவு அலுவலகம் போட்ட கணக்கில், சட்டத்தின் செலவு பத்து வருடத்துக்கு 940 பில்லியன் டொலர் என்று இருக்கிறது. அதே அலுவலகம், அதே மாதம், இந்தச் சட்டத்தால் அரசின் பற்றாக்குறை 143 பில்லியனால் குறையும் என்றும் சொல்கிறது. செலவழித்தால் எப்படிக் குறையும் என்று ஒரு பிள்ளை கேட்டது, என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. நியூ ஜெர்சியில் இருக்கிற அத்தானிடம் கேட்டேன். அவர் அந்தச் சட்டத்தின் பெயரைக் கேட்டாலே சூடாகிற ஆள், "1965 இல் முதியோருக்கான அரச காப்புறுதி மெடிகேருக்கும் இப்படித்தான் ஒன்பது பில்லியன் என்றார்கள், கடைசியில் எத்தனை என்று போய்ப் பார்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

அந்த இரண்டு எண்ணும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாகும்? மெடிகேர் உதாரணத்தை எதிரணி தூக்கினால் என்ன சொல்வது? அதோடு, நடுவர்கள் எங்கள் ஆட்கள், அமெரிக்காவை மட்டும் கதைத்தால் கொட்டாவி விடுவார்கள். நம் ஆஸ்பத்திரிகளோடு இதை எங்கே முடிச்சுப் போடலாம்?

பழைய கணக்காளர் (களுவாஞ்சிக்குடி)

டீச்சர், அந்தப் பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. இரண்டு எண்ணும் உண்மைதான், ஆனால் ஒன்று பற்றுப் பக்கத்தின் ஒரு பகுதி, மற்றது கடைசி மீதி.

காங்கிரஸின் வரவு செலவு அலுவலகம் 2010 மார்ச்சில் போட்ட சரியான எண் 938. கதையில் அது 940 ஆகிவிட்டது. அது காப்புறுதி இல்லாத சனத்துக்குக் காப்புறுதி கொடுக்கிற செலவு மட்டும்: வறியவர்களுக்கான மெடிகெயிட் திட்டத்தை விரித்தது, தாங்களே காப்புறுதி வாங்குகிறவர்களுக்கு அரசு கொடுக்கிற உதவித்தொகை, இப்படி. அதே சட்டத்தில் வரவுப் பக்கமும் இருந்தது. மெடிகேரில் ஆஸ்பத்திரிகளுக்கும் தனியார் காப்புறுதிக் கம்பனிகளுக்கும் வருடா வருடம் கூட்டிக் கொடுக்கிற தொகையின் வேகத்தைக் குறைத்தார்கள். தனியாளாக 200,000 டொலருக்கு மேல், தம்பதியாக 250,000க்கு மேல் உழைக்கிறவர்களுக்கு மேலதிக வரி வைத்தார்கள். மருத்துவ உபகரணங்களுக்கு 2.3 சதவீதம், மிக விலை கூடிய காப்புறுதித் திட்டங்களுக்கு 40 சதவீதம், காப்புறுதி எடுக்காதவர்களுக்குத் தண்டப்பணம். இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் வருகிற மீதிதான் அந்த 143. அதிலும் 19 பில்லியன் சுகாதாரத்தில் இருந்து வந்ததல்ல, அதே பொதிக்குள் மாணவர் கடன் முறையை மாற்றியதில் வந்தது. சுகாதாரத்துக்கு உரியது 124.

இனி ஆதரித்துப் பேசுகிற பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொண்டு போக வேண்டிய இரண்டு பள்ளம் இருக்கிறது, ஏனென்றால் எதிரணியில் யாராவது படித்த பிள்ளை இருந்தால் அங்கேதான் காலை வைக்கும்.

முதலாவது காலக்கூறு. கணக்கு 2010 முதல் 2019 வரை. வரியிலும் வெட்டிலும் ஒரு பகுதி முன்னதாகவே தொடங்குகிறது, ஆனால் பெரிய செலவுகள், அதாவது உதவித்தொகையும் மெடிகெயிட் விரிவும், 2014 ஜனவரியில்தான் தொடங்குகின்றன. பத்து வருடக் கணக்கு என்ற பெயரில் ஆறு வருடச் செலவு. இதில் களவு ஒன்றும் இல்லை, எல்லாம் அறிக்கையில் எழுதியே இருந்தது. ஆனால் செய்தியில் வந்தது கடைசி எண் மட்டும்.

இரண்டாவது, அந்தச் சட்டத்துக்குள் முதியோர் நீண்டகாலப் பராமரிப்புக்கென்று விரும்பிச் சேருகிற ஒரு காப்புறுதி இருந்தது. சேருகிறவர் குறைந்தது ஐந்து வருடம் கட்டின பிறகுதான் கொடுப்பனவு கேட்கலாம். ஆகவே முதல் பத்து வருடத்தில் காசு உள்ளே வருவதுதான் அதிகம், ஏறக்குறைய 70 பில்லியன் மிச்சம் என்று பதிந்தார்கள். சீட்டுப் பிடிக்கிறவர் முதல் மாதங்களில் சேர்ந்த காசைத் தன் லாபம் என்று எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? அந்த 143இல் கிட்டத்தட்ட பாதி இதுதான். 2011 ஒக்டோபரில் சுகாதாரச் செயலாளர் கத்லீன் செபெலியஸ், இதைத் தாக்குப்பிடிக்கிற மாதிரி நடத்த வழி தெரியவில்லை என்று கையை விரித்தார். 2013 ஜனவரியில் சட்டத்தில் இருந்தே தூக்கிவிட்டார்கள்.

மருதமுனை நெசவுக்காரன்

கணக்காளர் ஐயா இவ்வளவு சொன்ன பிறகும் இதை நம்பத்தக்கது என்று பேச ஒரு பிள்ளைக்கு வாய் வருமா டீச்சர்? தலைப்பை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் அத்தான் சொன்னது பொய் இல்லை. மெடிகேரின் ஆஸ்பத்திரிப் பகுதிக்கு 1990 இல் ஒன்பது பில்லியன் போகும் என்று 1965 இல் சொன்னார்கள், 1990 வந்தபோது 67 பில்லியன். ஏழு மடங்குக்கு மேல். நான் ஒரு சாறிக்கு இவ்வளவு நூல் போகும் என்று சொல்லிவிட்டு ஏழு மடங்கு நூல் கேட்டால் முதலாளி தறியையே பிடுங்கிக்கொண்டு போய்விடுவான்.

அதோடு ஐயா சொன்ன அந்த 40 சதவீத வரி இருக்கிறதே, அதன் கதையையும் சொல்லுங்கள். 2018 இல் தொடங்கும் என்றார்கள், பிறகு 2020 என்றார்கள், பிறகு 2022 என்றார்கள், 2019 டிசம்பரில் ஒரேயடியாக நீக்கிவிட்டார்கள். ஒரு சதம் அறவிடவில்லை! உபகரண வரியும் அதோடு போய்விட்டது. காப்புறுதி எடுக்காதவர்களுக்கான தண்டப்பணத்தை 2017 இல் டிரம்ப் ஆட்சியின் வரிச் சட்டம் பூச்சியமாக்கியது, 2019 இல் இருந்து அதுவும் இல்லை. கொடுக்கிற பக்கத்தில் கை வைக்க ஒருத்தருக்கும் துணிவு வராது, வாங்குகிற பக்கத்தை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். கணக்குப் போடுகிறவன் நல்லவனாக இருக்கலாம், ஆனால் அந்தக் கணக்கை நிறைவேற்ற வேண்டியவன் அடுத்த தேர்தலில் நிற்கிறவன். அங்கும் அப்படித்தான், இங்கும் அப்படித்தான்.

மருந்தாளர் (அக்கரைப்பற்று)

நெசவுக்கார நானா, வரி விஷயத்தில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அந்த ஏழு மடங்குக் கதையை அப்படியே மேடையில் விட்டால் மறுபக்கத்துப் பிள்ளை ஒரு நிமிடத்தில் உடைத்துவிடும்.

1965க்கும் 1990க்கும் இடையில் அமெரிக்காவில் பொதுவான விலைமட்டமே நாலு மடங்குக்கு மேல் ஏறியது. எழுபதுகளில் அடித்த அந்தப் பணவீக்கத்தை 1965 இல் இருந்த ஒருத்தரும் நினைத்துப் பார்க்கவில்லை. அதைவிடப் பெரியது, 1965 இல் மதிப்பிட்ட திட்டமும் 1990 இல் செலவழித்த திட்டமும் ஒன்றல்ல. முதலில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும். 1972 இல் சட்டத்தைத் திருத்தி, வயது குறைந்த மாற்றுத்திறனாளிகளையும் சிறுநீரகம் செயலிழந்தவர்களையும் உள்ளே எடுத்தார்கள். டயலிசிஸ் செலவு என்னவென்று இந்தப் பகுதியில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, ஒரு நோயாளிக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, வாழ்நாள் முழுக்க. அந்த முடிவு நல்ல முடிவு, ஆனால் அதன் செலவை ஏழு வருடத்துக்கு முன் கணக்குப் போட்டவனின் தலையில் கட்டுவது நியாயமா?

மறுபக்கத்துக்கும் ஓர் உதாரணம் தருகிறேன், இது என் தொழிலோடு சேர்ந்ததால் நினைவில் நிற்கிறது. 2003 இல் மெடிகேரில் மருந்துக்கான பகுதியைச் சேர்த்தார்கள். காங்கிரஸ் அலுவலகம் பத்து வருடத்துக்கு 395 பில்லியன் என்றது. அரசின் தலைமைக் காப்புறுதிக் கணக்கர் ரிச்சர்ட் பொஸ்டரின் கணக்கில் 534 பில்லியன். அவருடைய எண்ணைக் காங்கிரஸுக்குக் கொடுக்கவிடாமல் மேலிடம் தடுத்தது, சட்டம் நிறைவேறிய பிறகுதான் வெளியில் வந்து பெரிய அமளி. எல்லாரும் பொஸ்டர்தான் சரி, செலவு எகிறப்போகிறது என்று இருந்தார்கள். கடைசியில் நடந்தது என்னவென்றால் உண்மைச் செலவு அந்தக் குறைந்த 395ஐ விடவும் நன்றாகக் குறைந்தது. பெரிய பெரிய மருந்துகளின் காப்புரிமைக் காலம் முடிந்து, அதே மருந்து பொதுப் பெயரில் மலிவாக வரத் தொடங்கியது, சனமும் அதற்கு மாறியது. நம் நாட்டில் பேராசிரியர் சேனக பிபிலே எழுபதுகளின் தொடக்கத்தில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை வைத்துச் செய்து காட்டியதும் இதே வேலைதான், மருந்தைப் பொதுப் பெயரில் மொத்தமாக வாங்கினால் விலை விழும். (இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் நான் நிறுத்த மாட்டேன், விடுகிறேன்.)

ஒபாமா சட்டத்திலும் அப்படித்தான் நடந்தது. 2016 இல் 21 மில்லியன் பேர் புதிய காப்புறுதிச் சந்தையில் வாங்குவார்கள் என்று 2010 இல் நினைத்தார்கள், வந்தது ஏறக்குறைய அதில் பாதி. மெடிகெயிட் விரிவை ஒவ்வொரு மாநிலமும் கட்டாயம் செய்ய வேண்டும் என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள், 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் அது மாநிலங்களின் விருப்பம் என்று சொல்லிவிட்டது, டெக்சாஸ் இன்னும் சேரவில்லை. ஆகவே அரசின் செலவு சொன்னதைவிடக் குறைவு. ஆனால் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா? செலவு குறைந்ததில் ஒரு பங்கு, காப்புறுதி கிடைக்க வேண்டிய ஏழைகளுக்கு அது கிடைக்காமல் போனதால் குறைந்தது.

டீச்சர், உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. நம் நாட்டில் சுகாதாரத்துக்குப் போகிற மொத்தக் காசில் ஏறத்தாழ பாதியைத்தான் அரசு போடுகிறது, மீதியில் பெரும்பங்கு சனத்தின் சட்டைப் பையில் இருந்து நேரடியாகப் போகிறது. அமெரிக்கா தன் உற்பத்தியில் 17, 18 சதவீதத்தைச் சுகாதாரத்துக்குக் கொட்டுகிறது, நம் அரசு போடுவது 2 சதவீதத்தை அண்டித்தான் வரும். கேட்க அருமையாக இருக்கும், இவ்வளவு குறைந்த செலவில் இலவச வைத்தியம். 2022 இல் என்ன நடந்தது? டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்குப் போனது, மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி, ஆஸ்பத்திரி ராக்கைகள் காலி. வைத்தியர் துண்டு எழுதித் தருவார், வெளியில் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று. எந்த இடம் என்று வேண்டாம், அப்போது எல்லா இடத்திலும் அதுதான். வராத மருந்து அரசின் ஏட்டில் செலவாக ஏறவே இல்லை. அந்தச் செலவு கிளினிக் கொப்பியோடு வந்த அம்மாவின் கழுத்தில் கிடந்த சங்கிலிக்கு மாறியது. உங்கள் பிள்ளைகள் இதைக் கேட்கட்டும்: அரசுக்கு எவ்வளவு குறையும் என்று சொல்கிறவர், அது யார் தலையில் கூடும் என்றும் அதே தாளில் எழுதியிருக்கிறாரா?

மண்டூர் பொடியன்

மருந்தாளர் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பக்கத்தில் இருந்து களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போவதென்றால் குருமண்வெளித் துறையால் வாவியைக் கடந்து பிறகு பஸ். கூலிக்குப் போகிற ஆளுக்கு அன்றைய நாள் சம்பளம் இல்லை, கூடப் போகிற ஆளுக்கும் இல்லை. மாத்திரை இலவசம்தான். கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன வைத்தியசாலையிலேயே பிரசருக்கும் சீனி வருத்தத்துக்கும் ஒழுங்காக மருந்து கொடுத்தால் அரசுக்குச் செலவு கொஞ்சம் கூடும், எங்களுக்கு நிறையக் குறையும். ஆரம்ப சுகாதாரத்தைப் பலப்படுத்த உலக வங்கி 2018 இல் 200 மில்லியன் டொலர் கடன் தந்தது, அந்தத் திட்டத்தின் யோசனையும் இதுதான். ஆனால் அரசுக்கு எவ்வளவு என்ற கணக்கில் இது வெறும் செலவாகத்தான் தெரியும், எங்கள் படகுக் காசு ஒரு நிரலிலும் இல்லை.

வாவிக்கரை டீச்சர் (மட்டக்களப்பு)

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகளிடம் இன்று வாசித்துக் காட்டினேன், மருந்து இல்லாததால் செலவு குறைந்த கதையில் வகுப்பே அமைதியாகிவிட்டது. அவர்களில் எத்தனையோ வீட்டில் அந்தத் துண்டு வந்திருக்கும்.

ஆனால் எனக்குப் பிரச்சினை அப்படியே இருக்கிறது, நாங்கள் ஆதரித்துப் பேச வேண்டும்! நீங்கள் எல்லாரும் சேர்ந்து எதிரணிக்கு உரை எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். இன்னொன்று, காப்புறுதி முறை இலங்கைக்கு வந்தால் என்று நடுவர் குறுக்குக் கேள்வி கேட்டால்?

பழைய கணக்காளர் (களுவாஞ்சிக்குடி)

ஆதரித்துப் பேசலாம் டீச்சர், நல்லாகவே பேசலாம். எண் பலிக்கும் என்று பேச வேண்டாம். நம்பத்தக்கது என்றால் திறந்து பார்க்கக்கூடியது என்று தொடக்கத்திலேயே வரையறுத்துவிடச் சொல்லுங்கள். காங்கிரஸின் அந்த அலுவலகத்தை 1974 சட்டம் உருவாக்கியது, ஜனாதிபதிக்குக் கீழே இல்லாத, கட்சி சாராத ஓர் இடம். அது எண்ணை மட்டும் தருவதில்லை, எத்தனை பேர் சேருவார்கள் என்று வைத்தோம், எந்த வருடத்தில் எந்த வரி தொடங்கும் என்று வைத்தோம் என்று எல்லாவற்றையும் அச்சடித்துத் தருகிறது. இங்கே நாம் நாலு பேர் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்துகொண்டு அந்தக் கணக்கின் ஓட்டையைப் பிடித்தோமே, எப்படிப் பிடித்தோம்? அவர்களே எழுதி வைத்ததால். ஆறு வருடச் செலவு என்பதையும் 70 பில்லியனையும் அவர்களின் அட்டவணையில் இருந்துதான் எல்லாரும் எடுத்தார்கள். பிழைத்துப்போன மதிப்பீடு வேறு, மறைத்த மதிப்பீடு வேறு. பொஸ்டரின் எண்ணைத் தடுத்ததுதான் நம்பிக்கையைக் கெடுத்தது, அவருடைய எண் பலிக்காமல் போனதல்ல.

இலங்கையில் இந்த வசதி இவ்வளவு காலமும் இல்லை. பாராளுமன்றத்துக்கென்று ஒரு வரவு செலவு அலுவலகம் அமைக்க 2023 இல் சட்டம் நிறைவேறியிருக்கிறது, அது ஒழுங்காக இயங்கினால் உங்கள் பிள்ளைகளுக்குப் பிறகு வருகிற பிள்ளைகள் உள்ளூர் உதாரணத்தோடே பேசலாம். இப்போதைக்கு நம் செலவு இரண்டு ஏட்டில் கிடக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ், சின்ன ஆஸ்பத்திரிகள் மாகாணத்தின் கீழ். கிழக்கு மாகாண சபை 2017 இல் காலாவதியானது, அந்த ஏட்டைச் சபையில் வைத்துக் கேள்வி கேட்கத் தெரிவான உறுப்பினர் ஒருத்தரும் இல்லை. நான் வேலை செய்த காலத்திலேயே இரண்டு பக்கத்தையும் பொருத்திப் பார்ப்பது பெரும்பாடு.

காப்புறுதிக் கேள்விக்கு: அரச உத்தியோகத்தருக்கு அக்ரஹார என்ற காப்புறுதி இருக்கிறது, சம்பளத்தில் வெட்டுகிறார்கள், கணக்கு நேராக வருகிறது. சம்மாந்துறை வயலில் கதிர் அறுக்கிறவருக்கும் கல்லடியில் வலை இழுக்கிறவருக்கும் சம்பளப் பட்டியல் ஏது? அவர்களின் தவணைப் பணத்தை அரசுதான் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அவர்கள் வெளியில். ஆகவே யாராவது இலங்கைக்குக் காப்புறுதி, அரசுக்கு இவ்வளவு மிச்சம் என்று எண் சொன்னால், இந்த ஆட்களை எந்த நிரலில் போட்டீர்கள் என்று கேட்டால் போதும்.

மருதமுனை நெசவுக்காரன்

ஐயா நல்ல கெட்டிக்காரன், பிழைத்த கணக்கையே ஆதரவாகத் திருப்பிவிட்டார். ஆனாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திறந்த கணக்காக இருந்தாலும் அதைத் திறந்து பார்க்கிறவன் எத்தனை பேர்? 1971 இல் வெளிநோயாளர் பிரிவில் 25 சதம் வாங்கத் தொடங்கினார்கள், பெரிய வருமானத்துக்கு என்றா வைத்தார்கள்? பிறகு 1977 இல் ஆட்சி மாறியதோடு எடுத்துவிட்டார்கள். அந்த 25 சதத்தை எங்கள் உம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார், பத்து வருடக் கணக்கு எதையும் அவர் வாசித்ததில்லை. வாக்குப் போடுகிற சனம் பார்ப்பது கையில் இருந்து போகிற சல்லியை. எதிரணிப் பிள்ளை இதைச் சொன்னால் ஐயாவிடம் பதில் இருக்கிறதா?

பழைய கணக்காளர் (களுவாஞ்சிக்குடி)

இருக்கிறது, ஆனால் அதை இங்கே எழுதினால் எதிரணி டீச்சரும் வாசிப்பார். டீச்சருக்குத் தனியாக அனுப்புகிறேன்.

வாவிக்கரை டீச்சர் (மட்டக்களப்பு)

கிடைத்தது ஐயா. நானா, போட்டி அன்று வந்து பின்வரிசையில் இருங்கள், எதிரணிக்குக் கை தட்டினாலும் பரவாயில்லை. மருந்தாளர், அந்த 395, 534 இரண்டும் எந்தப் பத்து வருடத்துக்கு உரியவை என்று மட்டும் சொல்லுங்கள், மூன்றாவது பேச்சாளர் அட்டையில் எழுதக் காத்திருக்கிறார்.

மருந்தாளர் (அக்கரைப்பற்று)

2004 முதல் 2013 வரை, இரண்டும் அதே காலத்துக்குத்தான். 534 சட்டம் நிறைவேறிய பிறகு வெளியானது என்பதையும் அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.